மடைவாயில் படுத்த யாளி

நாவற்கோட்டை இளவரசி தும்பையின் மேல் எப்போதும் சாணி வாடை வீசும். பன்னீர் விட்டுக் குளிப்பாட்டினாலும் போகாது. அவள் தொழுவத்துக்குப் போகாமல் இருந்தால்தானே போகும்? எருமைக்கு வயிறு உப்பினாலும் சரி, கன்று வெளியே வராமல் சிக்கிக்கொண்டாலும் சரி, அரண்மனையில் எல்லோரும் தேடுவது அவளைத்தான். அவளும் பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

"பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களேம்மா" என்று அப்பா நெடுங்கோ மன்னர் புலம்புவார்.

"ஓடட்டும்ப்பா. கால் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?" என்பாள் தும்பை.

அந்த வருஷம் நாற்று விடுகிற நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு யாளி இறங்கி வந்தது. உடம்பு சிங்கம், மூக்கு யானைத் துதிக்கை. யாரையும் கடிக்கவில்லை, எதையும் மிதிக்கவில்லை. நேரே பெரிய ஏரிக்குப் போய், மடையின் வாயை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியது. மன்னர் பதறிப்போய், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் முரசறையச் சொல்லிவிட்டார்: "யாளியை எழுப்பி அனுப்புகிறவர்க்கே இளவரசி!"

அந்த நாட்டில் ஒரு வழக்கம். மன்னர் வாயால் சொன்னதை மாற்றிக்கொள்ளலாம். முரசறைந்து சொன்னதை மாற்றவே கூடாது.

செய்தி கேட்ட தும்பை, தவிட்டு வாளியும் கையுமாக அப்பா முன்னால் போய் நின்றாள். "எவனோ யாளியை எழுப்பினா நான் எதுக்குப்பா அவன் பின்னால போகணும்? அவன் யாளியையே கூட்டிட்டுப் போகட்டும்!"

"முரசு அறைஞ்சாச்சேம்மா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், மகளைப் பிரிய அவருக்கு மட்டும் மனசா இருக்கும்?

அழுதுகொண்டு உட்கார்ந்தால் ஆகுமா? மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தும்பை தனியாக ஏரிக்கரைக்குப் போனாள். யாளியைச் சுற்றிவந்து பார்த்தாள். மெல்ல முடியாமல் துப்பிய மூங்கில் குருத்துகள் கிடந்தன. இடது கடைவாயில் மட்டும் எச்சில் ஒழுகியது. அந்தப் பக்கத் தாடையைத்தான் அது குளிர்ந்த மடைக்கல்லில் அழுத்திக்கொண்டிருந்தது.

"அடடா, என் ராசா! கடைவாய்ப் பல்லா?"

யாளி முனகியது. அந்த நேரம் பார்த்துக் கோட்டையில் முரசு அதிர, அது உடம்பெல்லாம் நடுங்கியது. மிரளுகிற மாட்டுக்குச் செய்வதைத்தான் தும்பை செய்தாள். கரையோரத்து இலவமரத்தின் பஞ்சைத் திரட்டி, யாளியின் காது இரண்டையும் இறுக அடைத்தாள். பிறகு கிராம்பு எண்ணெயும் கயிறும் எடுத்துவர அரண்மனைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தால் கரை முழுக்கக் கூட்டம். மன்னரும் வந்திருந்தார். வடநாட்டு இளவரசன் கடுங்கண்ணன் ஈட்டியோடு நின்றான். தென்னாட்டு இளவரசன் நல்லிசையன் யாழோடு புளியமரத்தின் மேல், உச்சிக்கிளையில், பத்திரமாக உட்கார்ந்திருந்தான்.

"ஏய், எழுந்திரு!" என்று கடுங்கண்ணன் ஈட்டியால் யாளியின் வாலில் குத்தினான். யாளி வாயைப் பிளந்து ஒரு கர்ஜனை விட்டது பாருங்கள், அவன் பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தான். பிளந்த வாய்க்குள் கறுத்துப்போன ஒரு பல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

மரத்தின் மேலிருந்து நல்லிசையன் யாழை மீட்டினான். கீழே தும்பை, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயை யாளியின் கடைவாயில் நுழைத்துக் கிராம்பு எண்ணெயை ஊற்றி, தொண்டையை நீவிக்கொடுத்தாள். சற்று நேரத்தில் யாளியின் கண் சொருகியது. பல்லில் கயிற்றைக் கட்டி, தாடையில் காலை ஊன்றி ஒரே இழுப்பு! அம்மிக்குழவி போல் ஒரு பல் வந்து விழுந்தது. யாளி எழுந்தது, துதிக்கையால் அவள் தலையைத் தடவிவிட்டு மலையேறிப் போய்விட்டது. மடையில் தண்ணீர் சீறிப் பாய்ந்தது.

எல்லோரும் குலவையிட, சேற்றிலிருந்து ஒரு குரல்: "நான் வாயைத் திறக்கவைத்ததால்தான் சொத்தைப் பல் இருப்பதே இளவரசிக்குத் தெரிந்தது. ஆகவே இளவரசி எனக்கு!"

மரத்தின் மேலிருந்து இன்னொரு குரல்: "என் யாழுக்கு யாளி மயங்கியதால்தான் அவளால் பக்கத்தில் போகவே முடிந்தது. ஆகவே எனக்கு!"

"பல்லைப் பிடுங்கினது நான்" என்றாள் தும்பை.

மன்னருக்கு வேர்த்து ஊற்றியது. ஆளுக்கொரு நியாயம் சொல்கிறார்களே! தவறாகத் தீர்ப்புச் சொன்னால் மகள் வாழ்க்கை போச்சு. சொல்லாவிட்டாலோ முரசின் சொல் போச்சு.

குழந்தைகளே, நீங்களே சொல்லுங்கள். யாளியை எழுப்பியது யார்? இளவரசி யாருக்கு?

விடை: கடுங்கண்ணன் ஈட்டியைத் தூக்கும் முன்பே தும்பைக்குப் பல்வலி என்று தெரியும், தெரிந்ததால்தானே எண்ணெய் எடுக்க ஓடினாள்? நல்லிசையனின் யாழை யாளி கேட்டிருக்கவே முடியாது; அதன் காதில்தான் பஞ்சு இருந்ததே! அதை மயக்கியது கிராம்பு எண்ணெய். ஆக, யாளியை எழுப்பியது தும்பை ஒருத்திதான். எழுப்பியவர்க்கே இளவரசி என்றால், தும்பை தும்பைக்கே! முரசின் சொல்லும் பிழைத்தது, மகளும் பிழைத்தாள். மன்னர் விட்ட பெருமூச்சு அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதாம். "அப்போ கல்யாணம்?" என்று கேட்டவர்களிடம் தும்பை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பரிசு இப்பத்தான் கைக்கு வந்திருக்கு. கொஞ்ச நாள் நானே வச்சுக்கிறேனே!"