சங்கம் கூடிய இடம்

கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல். அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் சங்கம் தொடங்கிவிட்டார்கள் என்று கேட்டதும் மேனேஜர் தயாளனுக்குத் தூக்கம் போயிற்று. வேலை நேரத்தில் இரண்டு பேர் நின்று பேசக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பிறகு எப்படிக் கூடினார்கள்?

எல்லோரையும் முதலாளி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "உங்களை ஒண்ணாச் சேர்த்தது யாரு? பேரைச் சொல்லலேன்னா அத்தனை பேருக்கும் வேலை போயிடும்."

அமலோற்பவம் முன்னால் வந்தாள். "நீங்கதான் சார்."

"என்னது?"

"மாடிக்கு மாடி எங்களுக்கு இருந்த கக்கூஸைப் பூட்டிட்டீங்க. கீழே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வரிசையில நிக்கும்போது பேசாம என்ன செய்ய?"

முதலாளி தயாளனை முறைத்தார். "அந்த வரிசையே இனி இருக்கக் கூடாது. எல்லாப் பூட்டையும் உடனே திறங்க."

சாயங்காலத்துக்குள் தயாளனே ஓடி ஓடித் திறந்தார். சங்கத்தின் முதல் கோரிக்கையே அதுதான் என்று அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.