நாலு மாதக் குழந்தைக்கு ஒரு தையல்

பெரியவர்களின் இதய அறுவை சிகிச்சையில் செல்வின் பேர் பெற்றவர். குழந்தைகளின் இதயத்தைக் கற்றுக்கொள்ள டாக்டர் உமையாளிடம் வந்திருந்தார்.

மறுநாள் யாழிசைக்கு அறுவை சிகிச்சை. நாலு மாதக் குழந்தை. இதயத்திலிருந்து கிளம்பிக் கீழே இறங்கும் பெருந்தமனி ஓரிடத்தில் பிறவியிலேயே குறுகியிருந்ததால், கால்களுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை. குறுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

"தையலை நான் போடட்டுமா, மேடம்?"

"முதல்ல இதுல போடுங்க." உமையாள் ஆட்டின் ரத்தக்குழாயை நீட்டினார்.

செல்வின் ஒரே இழையில் சுற்றிவரத் தைத்து, இறுக்கி முடிச்சிட்டார். தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பிரமாதம். எழுபது வயசுத் தாத்தாவா இருந்தா இப்பவே உங்ககிட்ட விட்டுடுவேன்."

"யாழிசைக்கு மட்டும் ஏன் கூடாது?"

உமையாள் வார்டுக் குழந்தைகளுக்கு வைத்திருந்த பலூன் ஒன்றைப் பாதி ஊதினார். அதே இழையை அதன் நடுவில் சுற்றிக் கட்டி, செல்வினிடம் கொடுத்தார்.

"ஊதுங்க."

ஊதினார். பலூன் இருபுறமும் உப்பியது. இழை கட்டிய இடம் மட்டும் உடுக்கை இடுப்பாக ஒடுங்கி நின்றது.

"இன்னும் ஊதுங்க, டாக்டர்."

"வெடிச்சிடும், மேடம்!"

"இழை அறுமா?"

"அறவே அறாது. என் முடிச்சாச்சே..."

பெருமையாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் இதுவரை தைத்த ரத்தக்குழாய் எதுவும் அதற்குப் பிறகு வளர்ந்ததில்லை. யாழிசை வளர்வாள். வெட்டி எறிந்த குறுகலை அவர் தையலே திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்தச் சின்ன நெஞ்சை மறுபடியும் திறக்க வேண்டிவரும்.

"இன்னொரு ரத்தக்குழாய் கிடைக்குமா, மேடம்?" என்று கேட்டார்.

அன்று மாலை முழுக்கத் தைத்துப் பழகினார்.

மறுநாள் ஊசி அவர் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சிட்டு, இழையை வெட்டினார். கடைசியில் தமனியைப் பிடித்திருந்த இடுக்கியைத் திறந்ததும், மயக்க மருந்து டாக்டர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கால்ல நாடி வந்தாச்சு!"

செல்வின் நிமிரவில்லை. தையலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சு போட்ட இடமெல்லாம் சரி. நடுவுல விட்ட இடத்துல நான் ஒண்ணுமே செய்யலையே, மேடம்?"

"அங்கதான் அவ வளரப்போறா" என்றார் உமையாள்.