தங்க மணியின் குரல்

ஒரு ஜமீன்தாருக்கு வீம்பு வந்தது. கோயில் யானை வடிவின் கழுத்தில் கிடந்த வெண்கல மணியைக் கழற்றச் சொல்லி, பத்தரைமாற்றுத் தங்கத்தில் ஒரு மணி செய்து மாட்டினார். அதுவோ ‘டொக் டொக்’ என்றது.

“நாளைத் தேரோட்டத்துல இது நாலு தெருவுக்கும் கேக்கணும். இல்லேன்னா யானையை விட்டுட்டு ஊரைக் காலி பண்ணு” என்றார் பாகன் கொம்பையாவிடம். வடிவோ, அவன் கையால் அல்லாமல் ஒரு கவளம் தொடமாட்டாள்.

மறுநாள் வடிவு நடக்க, மணி கணீரென்று ஒலித்தது. தெருவில் ஆடிய பிள்ளைகள் ஓடி ஒதுங்கினார்கள்.

“கேட்டீங்களாடே, தங்கத்தோட குரலை!” என்று ஜமீன்தார் மீசையை முறுக்கினார்.

கொம்பையா, யானையின் பட்டுப் போர்வைக்குள் தொங்கவிட்டிருந்த பழைய வெண்கல மணியை எடுத்து நீட்டினான்.

“அப்போ என் தங்கம் மட்டமாடே?”

“இல்ல எசமான். தங்கம் சாது. மணி நாக்கு அடிச்ச இடமெல்லாம் குழிஞ்சிருக்கு பாருங்க. அடியைத் தாங்கிக்கிடும், சத்தம் போடாது. பிள்ளைங்க ஒதுங்கணும்னா ரோஷக்கார வெண்கலந்தான் வேணும்.”

“தங்கத்தை என்ன செய்ய?”

“கட்டிக்கொடுக்கப்போற உங்க மக கழுத்துல போடுங்க. போற இடத்துல அதை யாரும் அடிக்காமப் பாத்துக்கிடுங்க.”

ஜமீன்தார் மீசையிலிருந்து கையை எடுத்தார். வெண்கல மணியை வாங்கி, தாமே வடிவின் கழுத்தில் கட்டினார்.