பின்னோக்கி ஓடிய குதிரைகள்

வெகு காலத்துக்கு முன்பு நெடுவளை நாட்டை விசயவளவர் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். ஆண்ட நேரத்தைவிடத் தேர் ஓட்டிய நேரம்தான் அதிகம். மாதம் ஒருமுறை கோட்டையைச் சுற்றித் தேர்ப்பந்தயம் நடக்கும். அரசரும் ஓட்டுவார், குடிமக்களும் ஓட்டுவார்கள். மாதம் ஒருமுறை யானைக்கொட்டில் வளைவில் யாராவது யார்மீதாவது மோதுவார்கள். தவறு யாருடையது என்று சொல்வதற்கென்றே ஒரு மந்திரி இருந்தார். பெயர் சாத்தையன்.

சாத்தையனுக்குப் பொய் சொல்ல வராது. பயப்பட நன்றாக வரும். பயந்தால் அவர் வயிறு உறுமும். அரசவையின் கடைசி வரிசைவரை கேட்கும்.

அந்த மாதம் மோதியவர் அரசரே. உப்பு விற்கும் அரியநாச்சியின் தேரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டார். அவள் தேரின் பின்பக்கம் நொறுங்கியது. அரசர் தேரின் முன்பக்கம் உடைந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

சட்டமோ கடுமையானது. தவறு செய்தவரின் குதிரைகள் இடிபட்டவருக்குப் போய்விடும். அடுத்த மூன்று பந்தயங்களில் அவர் கழுதை பூட்டித்தான் ஓட்ட வேண்டும். அரியநாச்சியின் உப்பு வண்டியை இழுப்பதும் அதே இரண்டு குதிரைகள்தான். அவை போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

அரசவையில் விசாரணை தொடங்கியதும் சேனாபதி வச்சிரவேலர் எழுந்தார். அந்தக் குதிரைகள்மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்; அரசருக்குப் போனால் அவர் படைக்குத்தான் வந்துசேரும். தன்னைக் கேட்காமல் அரசர் சாத்தையனை மந்திரியாக்கிய எரிச்சல் வேறு.

"அரசே, என் கண்ணால் பார்த்தேன். தாங்கள் ஒழுங்காகத்தான் போனீர்கள். இவள் குதிரைகள்தான் பின்னோக்கி ஓடிவந்து தங்கள் தேரில் மோதின."

"சேனாபதி ஐயா, என் குதிரைங்க முன்னால ஓடவே நான் தொண்டை கிழியக் கத்தணும்" என்றாள் அரியநாச்சி. "பின்னால ஓடுறது எனக்கே புதுசா இருக்கு."

"குற்றவாளி வாயைத் திறக்கக் கூடாது."

"இன்னும் குற்றவாளி ஆகலையே சாமி. மந்திரி ஐயாவுக்கு இப்போதைக்கு வயிறுதானே பேசுது."

அவை சிரித்தது. சாத்தையன் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அரசர்மேல்தான் தவறு என்றால் தலை போகும். அவள்மேல் என்றால் இனிச் சோறு இறங்காது. இரண்டுக்கும் நடுவே ஏதாவது இடுக்கு இருக்கிறதா என்று தேடினார்.

"அரசே, சேனாபதி சொல்வது உண்மையென்றால் இந்தக் குதிரைகள் கிடைப்பதற்கரியவை. போன ஆண்டு வடக்கே போருக்குப் போனோமே..."

அரசர் முகம் சுருங்கியது. "அதை ஏன் இப்போது எடுக்கிறீர்?"

"திரும்பி வரும்போது எதிரிகள் நம் முதுகைப் பார்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட குதிரைகள் இருந்திருந்தால், நெஞ்சைக் காட்டிக்கொண்டே வீடுவரை ஓடிவந்திருக்கலாம்."

அரசர் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "முதுகே தெரியாதா?"

"தேர் நேராக வந்தால் தெரியாது, அரசே."

"வச்சிரவேலரே, எவ்வளவு வேகத்தில் வந்தன?"

"காற்றுப்போல, அரசே" என்றார் சேனாபதி. சொன்ன பிறகுதான் சாத்தையன் எங்கே போகிறார் என்று அவருக்கு இலேசாகப் புரிந்தது.

நெடுவளை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மோதலைக் கண்ட சாட்சி, கண்டதை நடந்த இடத்திலேயே நடத்திக் காட்ட வேண்டும். போன மாதம் பூசணிக்காய் வியாபாரி ஒருவர், அடுத்தவர் குட்டையில் விழுந்ததைப் பார்த்ததற்காகத் தானும் ஒருமுறை விழுந்து எழுந்தார்.

"வழக்கப்படி சேனாபதி இந்தக் குதிரைகளைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டட்டும்" என்றார் சாத்தையன்.

"என் தேரை அன்றுபோலவே நானே ஓட்டுகிறேன்" என்று அரசர் துள்ளி எழுந்தார்.

இரண்டு தேர்களையும் செப்பனிட்டுக் கொண்டுவந்தார்கள். ஊர் திரண்டது. வளைவில் சேனாபதி அரியநாச்சியின் தேரில் ஏறிக் கடிவாளத்தை இழுத்தார். குதிரைகள் அசையவில்லை. கெஞ்சினார். இறங்கிப்போய் நெற்றியில் கைவைத்துத் தள்ளினார். ஒரு குதிரை அவர் தலைப்பாகையை மோந்து பார்த்துவிட்டு மெதுவாகத் தின்னத் தொடங்கியது.

"அதுக்குப் பட்டு ஒத்துக்காது சாமி, பிடுங்கிடுங்க" என்றாள் அரியநாச்சி.

வெறுந்தலையோடு சேனாபதி மறுபடி தேரில் ஏறிய நேரம், அரசரின் தேர் புழுதி கிளப்பிக்கொண்டு வளைவுக்குள் வந்தது. முன்போலவே வந்தது. முன்போலவே அரசர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். முன்போலவே நின்றிருந்த தேரின் பின்பக்கத்தில் போய் இடித்தார்.

புழுதி அடங்கியபோது அரசர் வைக்கோல் போரில் கிடந்தார். சேனாபதி சக்கரத்துக்குள் தலை மாட்டிக் கிடந்தார்.

"சாத்தையரே," என்று வைக்கோலுக்குள்ளிருந்து குரல் வந்தது, "தவறு யார்மேல்?"

சாத்தையன் வயிறு உறுமியது. "தேருக்குள் இருந்த சாட்சியையே கேளுங்கள், அரசே. அவர்தான் மிக அருகில் இருந்தார்."

"என்ன கேட்பது?" என்று சேனாபதி சக்கரத்துக்குள்ளிருந்து கத்தினார். "நான் சும்மாதானே நின்றேன்! கண் எங்கே இருந்தது? கையாட்டிக்கொண்டே வந்து இடித்தால்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வைக்கோல் போர் குலுங்கியது. அரசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்றைக்கும் கையசைத்தேன்" என்றார் எழுந்து உட்கார்ந்து. "தவறு என்மேல். என் குதிரைகளை அரியநாச்சி ஓட்டிக்கொண்டு போகட்டும். வச்சிரவேலரே, நீர் பார்த்தேன் என்று சொன்ன வித்தையை எந்தக் குதிரையாவது கற்றுக்கொள்ளும்வரை லாயத்திலேயே இரும்."

சாத்தையன் வயிறு ஓய்ந்தது. அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த பந்தயத்தில் அரசர் கழுதைத் தேரில் வந்தார். இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே வந்தார். யார்மீதும் மோதவில்லை. மோதும் தூரத்தில் யாருமே இல்லை.