மழைக்கு மாரப்பன் சக்கரம்

யோவ், டயர்க் கடைக்காரா! இத்தனைக்கும் நீதான்யா காரணம். அந்த நாலு பேரும் முட்டாளுங்கன்னு ஊருக்கே தெரியும். அவங்க பிறப்பு அப்படி. நீ தெரிஞ்சே வித்தவன். உன்னை நினைச்சாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. இருந்தாலும் நடந்ததை வரிசையாச் சொல்றேன், போனை வைக்காமக் கேளு.

நாச்சிமுத்து, மாரப்பன், ஓதிசாமி, குப்பணன். நாலு பேரும் பங்காளிங்க. தோட்டத்துக் கிணறு நாலு பேருக்கும் பொது. ஒருத்தன் முறை வந்தா அவன் மட்டுந்தான் தண்ணி பாய்ச்சணும். அடுத்தவன் மோட்டார் பக்கம் எட்டிப் பார்த்தாலே அடிதடி. இந்த நியாயத்தை அப்படியே காருக்கும் கொண்டு வந்துட்டாங்க. நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கி, ஆளுக்கு ஒரு சக்கரம்னு பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. ஸ்டியரிங் பொது.

போன மழைக்கு மலை ஏறும்போது கார் வழுக்கித் தேயிலைச் செடிக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. அதனாலதான் நல்ல டயர் தேடி உன் கடைக்கு வந்தாங்க. முதல்ல நீயும் நியாயமாத்தான் பேசினே. "வெயில், மழை, குளிர், எல்லாத்துக்கும் தாங்கும். வேகமாப் போனாலும் பிடிமானம் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் இதையே போடுங்க"ன்னு ஒசத்தியான டயரைக் காட்டினே.

நாலு பேரும் ஓரமா ஒதுங்கி யோசனை பண்ணினாங்க.

"எல்லா டயரும் எல்லாத்துக்கும் ஓடுச்சுன்னா, முறை எப்படிடா பிரிக்கிறது?"ன்னான் நாச்சிமுத்து.

"அதானே! மழையில நாலும் சேர்ந்து தேஞ்சா, யார் முறையில தேஞ்சுதுன்னு யார் கண்டா?" இது மாரப்பன்.

"ஆளுக்கு ஒரு வானிலை. அதுதான் தர்மம்"னு ஓதிசாமி தீர்ப்புச் சொல்ல, குப்பணன் கண்கலங்கித் தலையாட்டினான்.

அங்கயே துரத்தி விட்டிருக்கணும்யா நீ! விட்டியா? மூலையில விலைபோகாமக் கிடந்த ஒத்தை டயரையெல்லாம் உருட்டிக்கிட்டு வந்தே. வெயிலுக்கு வழுவழுன்னு ஒண்ணு, நாச்சிமுத்துக்கு. மழைக்கு வாய்க்கால் வெட்டின மாதிரி ஒண்ணு, மாரப்பனுக்கு. குளிருக்குத் தடிமனா ஒண்ணு, ஓதிசாமிக்கு. காத்துக்கு மெலிசா ஒண்ணு, குப்பணனுக்கு. "காத்து ரெண்டு பக்கமும் வழிஞ்சு போயிரும்"னு விளக்கம் வேற! கார் அன்னைக்கே ஒரு தோளைச் சாய்ச்சு நின்னுது.

அந்தக் காரைத்தான், வாடகை படிஞ்சுதேன்னு, என் தங்கச்சி மகன் பூவேந்திரன் கல்யாணத்துக்குப் பிடிச்சேன். பொண்ணு வீடு கோத்தகிரி. பொண்ணோட அப்பா முன்னாடியே கறாராச் சொல்லிட்டார்: "முகூர்த்தம் தப்புச்சுன்னா, அவளோட அத்தை மகன் பட்டு வேட்டி கட்டித் தயாரா உக்காந்திருக்கான்."

காலை வெயிலோட கிளம்பினோம். வெயில் முறை நாச்சிமுத்துது. மத்தச் சக்கரமும் சும்மா உருண்டுட்டு வரட்டும்னு பெருந்தன்மையா விட்டுட்டான். மலையில பாதி ஏறினோம், தூறல் விழுந்துச்சு.

"நிறுத்து!"ன்னு கத்தினான் மாரப்பன். "மழை முறை என்னுது. மத்த மூணையும் கழட்டுங்கடா."

"உன் சக்கரத்தை நான் உருள விட்டேனேடா!"

"அது உன் நல்ல மனசு. முறைன்னா முறை."

நாச்சிமுத்து வெட்கப்பட்டு ஒத்துக்கிட்டான். மூணு சக்கரத்தையும் கழட்டி, நனையக் கூடாதுன்னு குடை பிடிச்சாங்க. கார் கல்லு மேல உக்காந்துச்சு. மாரப்பன் கம்பீரமா ஸ்டியரிங்கைப் பிடிச்சு, "ஏறுங்க மாப்ளே, போலாம்"னான்.

"மாமா, நேரமாகுது மாமா"ன்னு பூவேந்திரன் அழாத குறை.

ஆடு, மாடு, ஓட்டை இரும்பு வரைக்கும் பேரம் பேசியிருக்கேன். வானத்தைப் பேரம் பேசினது அன்னைக்குத்தான். "மாரப்பா, மழை பெய்யுது, சரி. அங்க பாரு, மேற்கால வெயிலும் அடிக்குதா இல்லையா?"

நாலு பேரும் அண்ணாந்து பார்த்து, ஆமான்னாங்க. நாச்சிமுத்து சக்கரம் ஏறுச்சு.

"குளிருதா இல்லையா? மாப்பிள்ளை பல்லு தந்தியடிக்கிறதைக் கேளு!" ஓதிசாமி மாப்பிள்ளை வாய்க்கிட்டக் காதை வச்சுக் கேட்டுட்டு, அவனும் மாட்டினான்.

பாக்கி குப்பணன். இலைகூட அசையலை.

"காத்து இல்லீங்களே. பொய் முறை எடுத்தா கிணறு வத்திருமுங்க."

துண்டை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா விசிறினேன்.

"அது உங்க காத்துங்க. வானத்துக் காத்து இல்லீங்க."

அந்த நேரம் காலிப் பெட்டி ஏத்தின லாரி ஒண்ணு மேல ஏறிச்சு. அது அடிச்ச காத்துல குப்பணன் தலைத்துண்டு பறந்துச்சு. "வந்துருச்சு!"ன்னு சக்கரத்தோட ஓடினான். மாட்டி முடிக்கிறதுக்குள்ள லாரி தாண்டிருச்சு, காத்தும் நின்னுருச்சு. நேர்மையான மனுஷன், திரும்பக் கழட்டிட்டான்.

இதுக்கிடையில வளைவுல லாரி வேகம் குறைய, பூவேந்திரன் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிட்டு ஓடித் தொத்திக்கிட்டான். ஒருத்தனுக்குத்தான் இடம். அத்தை மகன் கழுத்துல மாலை விழறதுக்குள்ள போய்ச் சேர்ந்து, தாலியும் கட்டிட்டான்னு போன் வந்துச்சு. தாய்மாமன் நான் கல்லு மேல நின்ன காருக்குள்ள இருந்தேன்.

கடைசியா நிஜமாவே காத்து அடிச்சுது. நாலு சக்கரமும் மாட்டி, சாவியையும் திருகியாச்சு. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கிருச்சு. வெயில் இல்லை, மழை இல்லை, காத்து இல்லை, குளிரும் விட்டுப்போச்சுன்னு ஓதிசாமி சத்தியம் பண்றான்.

"இது யார் முறை?"

யார் முறையும் இல்லை. ஆளாளுக்கு அவனவன் சக்கரத்தைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. ரொம்ப நேரம் கூடிப் பேசி, மூடுபனிக்கு அஞ்சாவதா ஒரு பங்கு போட்டு, அதை எனக்கே கொடுத்துட்டாங்க. நானும் விடாம அடிச்சுப் பேசித்தான் வாங்கினேன். இப்ப என் சக்கரத்தைக் கூரை மேல மாட்டணும்கிறானுங்க, மூடுபனி மேல இருந்துதான் இறங்குதாம். என்னை ஏமாளின்னு நினைச்சானுங்க!

யோவ் கடைக்காரா, ஒழுங்கா ஒரு மூடுபனி டயரை எடுத்துக்கிட்டு உடனே மலைக்கு வா. வந்து, அஞ்சாவது சக்கரத்துக்கு நியாயமான இடம் காருக்கு நட்ட நடுவுலதான்னு இவங்க முன்னாடி சொல்லி, நீயே மாட்டிக் கொடுத்துட்டுப் போ!