கருமுகன் நடத்திய மரபுத்தொடர் வகுப்பு

மூங்கிலும் மருதமும் செறிந்த ஒரு காட்டில், குழந்தைகளே, கருமுகன் என்னும் குரங்கு வாழ்ந்து வந்தது. நெடிய வால், சாம்பல் நிற உடல், அடுப்புக்கரியை அப்பியது போன்ற முகம். உயர்ந்ததொரு மருத மரத்தின் உச்சியில் அமர்ந்து தளிர்களைத் தின்பதும், எஞ்சியவற்றைக் கீழே உதிர்ப்பதும் அதன் வழக்கம். உதிர்ந்தவற்றைப் புள்ளிமான்கள் மேயும். சிறுத்தையோ புலியோ வரக் கண்டால், கருமுகன் "கர்ர்க்" என்று ஒரே ஒரு குரல் கொடுக்கும். மறுநொடி மரத்தடியில் ஒரு மானும் இராது.

அம்மந்தையில் மையாள் என்னும் பிணைமானுக்குப் பின்னங்கால் ஒன்று ஊனம். மற்ற மான்கள் தத்தம் கால்களை நம்பின. மையாள் கருமுகனின் குரலையே நம்பியது. குரல் சற்று முந்தினால் மையாளுக்கு உயிர் உண்டு; பிந்தினால் இல்லை.

ஒருநாள், காடு பார்க்க வந்த பயணிகளின் ஜீப்பிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் ஒரு நூலையும் கருமுகன் பறித்து வந்தது. பிஸ்கட் அன்றே தீர்ந்தது. நூல் தீரவில்லை. அன்றாட ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழில் விளக்கும் நூல் அது. ஆசிரியர் எவருமின்றி முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை கருமுகன் தானே கற்றது. குரங்குக்கு எழுத்து எவ்வாறு தெரியும் என்று வினவாதீர்கள். தெரிந்திராவிட்டால் இக்கதையே இல்லை.

மறுநாள் முதல் மரத்தடியில் வகுப்பு தொடங்கிற்று. மான்களோடு சில நாள் மயிலும் யானையும் வந்து கேட்டன. அதற்கென்று ஒரு முறையும் வகுக்கப்பட்டது. முதலில் தொடர், அதனை மாணவர்கள் மும்முறை ஒப்பிக்க வேண்டும். அதன்பின் பொருள். இறுதியில் எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டு முடியுமுன் எவரும் இடம்விட்டு அசையலாகாது.

"பூனையும் நாயுமாக மழை பெய்கிறது" என்றது கருமுகன்.

மான்கள் மும்முறை ஒப்பித்துவிட்டு அச்சத்துடன் வானத்தைப் பார்த்தன.

"செந்நாயா?" என்று நடுங்கியது கிழக் கலைமான் ஒன்று. "தரையில் வருவது போதாதென்று மேலிருந்துமா?"

"பெருமழை என்பது பொருள், பெரியவரே. நாயும் வீட்டு நாய்தான்."

"வீட்டு நாய் என்றால் விழட்டும்."

'ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்வது' என்னும் பாடம் வந்த அன்று, மயில் எழுந்து போனது போனதுதான். 'அறைக்குள் நிற்கும் யானை' என்னும் பாடத்தின்போது, யானைக்கு மட்டும் ஓர் ஐயம் எழுந்தது. "அந்த அறைக்குக் கதவு எவ்வளவு அகலம்?" என்று கேட்டது. நூலில் அதற்கு விடை இல்லை.

கல்வி வளர வளர, கருமுகனுக்குத் தன் பழைய குரல் கசந்தது.

"'கர்ர்க்' என்பது என்ன மொழி? படியாதவர்கள் போடும் கூச்சல். இனி ஆபத்தையும் முறைப்படி மரபுத்தொடராகவே அறிவிப்பேன்" என்று வகுப்பில் உரைத்தது.

"அந்தக் கூச்சலால்தான் அண்ணா, நான் இன்னும் உயிரோடு நிற்கிறேன்" என்றது மையாள்.

"நின்றுகொண்டேதான் இருக்கிறாய். முன்னேறுகிறாயா?"



அருகிலிருந்த புதரில் ஒரு சிறுத்தை பத்து நாட்களாகப் பாடம் கேட்டு வந்தது. மாணவர்கள் அனைவரும் மேல்நோக்கியே இருக்கிறார்கள், ஒருவரும் அசைவதில்லை. இத்தகைய ஒழுங்கை எந்தக் காட்டிலும் அது கண்டதில்லை. அந்தப் பாழும் 'கர்ர்க்' ஒன்றே தடையாக இருந்தது. அதுவும் ஒழிந்ததென்று கேட்டதும், மறுநாள் காலையிலேயே காற்றுக்கு எதிர்ப்புறமாகப் பதுங்கி வந்தது.

உச்சியிலிருந்த கருமுகன் அதைக் கண்டுவிட்டது. 'கர்ர்க்' தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு தொடரைத் தேடிற்று.

"மாணவர்களே, 'மலைகளை நோக்கி விரை'."

மான்கள் நிறுத்தி, நிதானமாக, மும்முறை ஒப்பித்தன. சிறுத்தை நான்கடி முன்னேறியது.

"இதன் பொருளாவது..."

"பொருளை அடியேன் சொல்லலாமா, ஐயா?" என்று புதரிலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தது. "கோடையில் குளிர்ச்சி தேடி மலைக்குப் போவது."

யாரோ புதிய மாணவர் என்றெண்ணிய மான்கள் திரும்பிப் பாராமலே தலையசைத்தன.

பேசியது யார் என்பது கருமுகனுக்குத் தெரியும். எதற்காக வந்திருக்கிறது என்பதும் தெரியும். ஆயினும், தவறான பொருளைத் திருத்தாமல் விட அதற்கு மனம் ஒப்பவில்லை.

"தவறு. நூற்றுப் பதினேழாம் பக்கத்தைப் பார்."

"அப்படியானால் மலைத்தேன் எடுக்கப் போவதோ, ஐயா?"

"அதுவும் தவறு. ஆபத்து நெருங்கும்போது அனைத்தையும் விட்டுத் தப்பி ஓடுவது என்று பொருள்."

"நன்கு விளங்கிற்று" என்ற சிறுத்தை மேலும் நான்கடி வந்தது.

"ஆபத்து யாருக்கு, அண்ணா?" என்று கேட்டது மையாள்.

"அது எடுத்துக்காட்டில் வரும், பொறு. எடுத்துக்காட்டு: காவலரைக் கண்ட திருடர்கள்..."

சிறுத்தை பாய்ந்தது.

அக்கணத்தில் கருமுகனின் தொண்டையிலிருந்து, அதன் அனுமதியைக் கேளாமலே, "கர்ர்க்" என்று பழைய குரல் வெடித்தது. மான்களின் கால்கள் காதுகளை முந்திக்கொண்டன. மையாளும் ஊனக்காலை உதறித் தாவிற்று. சிறுத்தையின் வாயில் சிக்கியது மையாளின் பாதி வால் மட்டுமே.

வாயில் ஒட்டிய மயிரைத் துப்பிவிட்டுச் சிறுத்தை அண்ணாந்து பார்த்தது. "தொடங்கிய வாக்கியத்தை முடித்திருக்கலாம், ஐயா" என்று குறைபட்டுக்கொண்டு போயிற்று.

அன்று மாலை மான்கள் வேறொரு மரத்தடிக்கு மேயச் சென்றன. அதன் உச்சியில் எழுத்தறியாத குரங்கு ஒன்று முதுகைச் சொறிந்துகொண்டு அமர்ந்திருந்தது. கருமுகன் நூலைக் கக்கத்தில் இடுக்கியவாறு கிளை கிளையாகத் தாவி அங்கே வந்தது.

"மையாள், முடிவில் குரல் கொடுத்தேனே" என்றது.

"கொடுத்தீர்கள், அண்ணா. பாதி வால் தாமதமாகக் கொடுத்தீர்கள்."

"அப்படியென்றால் இனி வகுப்புக்கு வரமாட்டாயா?"

"ஏன் வராமல்? உங்கள் பாடத்தைக் கேட்டால் எனக்குப் பொழுது போவதே தெரிவதில்லை. ஆனால் வகுப்பு இந்த மரத்தடியில் நடக்கட்டும். நீங்கள் கீழ்க்கிளையில் அமர்ந்து சொல்லுங்கள். உச்சிக் கிளையில் இவர் இருக்கட்டும்."

கருமுகன் மேலே ஒரு முறை பார்த்தது. "இவனுக்கு ஒரு தொடர்கூடத் தெரியாதே" என்றது.

"அதனால்தான், அண்ணா" என்றது மையாள்.

நீதி: உயிர் காக்க வேண்டிய வேளையில் அழகிய சொல்லைத் தேடி நிற்பவனினும், வாய்க்கு வந்ததை உடனே கத்துபவனே மேலானவன்.