நிலாவுக்குப் போன தண்ணீர் லாரி

இதை எனக்குச் சொன்னவர் குணசீலன். பல வருடங்களாக நான் இதை முழுதாக நம்பியதில்லை. சொல்கிறவருக்குச் சாதகமாக முடியும் கதைகள் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. என் கதைகள் மீதும்தான்.

நிலாவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிப் போகும் ஒருத்தியைப் பற்றிய சிறிய நடனப் படம் அது. சிரிப்புப் படம். லாரியை விட்டு இறங்கியவள், பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே மிதந்தபடி ஆட வேண்டும். இயக்கியவர் பொன்னுரங்கம் மாஸ்டர். லாரிக்காரி அவருடைய மாணவி ரமாமணி. இருபது வருடம் பின்வரிசையில் ஆடியவளுக்கு முதல் முறையாக முன்னால் ஓர் இடம்.

கயிறு கிடையாது. ஸ்டுடியோ முழுக்கக் கறுப்புத் துணி. முகம், கை எல்லாம் மூடிக் கறுப்பு உடுத்திய ஆறு பேர் அவளையும் குடங்களையும் தூக்கிப் பிடிப்பார்கள். கேமராவுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். வெள்ளை உடையில் இருக்கும் அவள் மட்டும் தெரிவாள்.

காலை ஒத்திகையில் இடுப்பைத் தாங்கியவர் குணசீலன். பிடி நழுவியது. ரமாமணி விழுந்தாள். அடி பெரிதில்லை. ஆனால் அதன் பிறகு, தூக்கும்போதெல்லாம் அவள் உடம்பு விறைத்துக்கொண்டது.

மாஸ்டர் மானிட்டரைப் பார்த்தார். “என்னம்மா இது, நிலாவுல இழவு விழுந்த மாதிரி இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. மாலைக்குள் இந்தக் காட்சி அமையாவிட்டால் நாளை வேறொருத்தி லாரி ஓட்டுவாள் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

“மாஸ்டர், கனமே இல்லாம எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள் ரமாமணி.

“எது தடுக்குது?”

“இவன்தான். கீழே இவன் நிக்கிறான்னு நினைச்சாலே உடம்பு விறைச்சுக்குது.”

“வேர்வை வழுக்கிடுச்சுக்கா,” என்றார் குணசீலன்.

“வழுக்கினது உன் கை. விழுந்தது நான்டா.”

மாஸ்டர் குணசீலனைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு, “சரி, இவன் வேணாம். நான் தாங்கறேன்” என்றார்.

“உங்களால முடியுமா மாஸ்டர்?”

“எத்தனை ஹீரோவைத் தூக்கி விட்டிருக்கேன். நீ என்ன பெரிய கனம்?”

அவர் கறுப்பு உடையை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். முகமில்லாத ஆறு உருவங்கள் வந்து நின்றன. ரமாமணி சாய்ந்தாள்.

பாட்டு ஓடியது. அவள் விரல் பட்ட நீலக் குடம் மெல்லச் சுழன்று விலகிப் போனது. அவள் அதை அதட்டினாள். குடம் கேட்கவில்லை. துரத்திக்கொண்டு நீந்தினாள். லைட்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அடியற்ற இருட்டில் ஒரு பெண்ணும் ஒரு குடமும். ஏதோ ஒன்று முதல் முறையாக உண்டாவதைப் பார்ப்பதுபோல் நின்றார்களாம்.

பாட்டு முடிந்தது. இடுப்பைத் தாங்கியவர் முகத்துணியைக் கழற்றினார். குணசீலன்.

“அந்த நாலு நிமிஷம் என் கையில கனமே இல்ல சார். சத்தியமா இல்ல,” என்பார் என்னிடம்.

மாஸ்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

“பொய் சொன்னீங்க மாஸ்டர்,” என்றாள் ரமாமணி.

“ஆமா. அடுத்த ஷாட் இதைவிட உயரம். இடுப்புக்கு யாரை நிறுத்தட்டும்?”

அவள் நடுவில் போய் நின்று, குணசீலன் பக்கம் முதுகைத் திருப்பி, கைகளை விரித்தாள்.

குணசீலன் எப்போதும் இங்கேதான் முடிப்பார். கண் கலங்கும். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். எத்தனை பேர் தாங்கினாலும் கனம் எங்கே போகும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம்தான், இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன்.

“குணா, ரமாமணி இருபது வருஷம் மாஸ்டர் கை பிடிச்சுத் திருத்த, ஆடினவங்க. இடுப்புல பட்டது அவர் கை இல்லைன்னு, பட்ட உடனேயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?”